மூணு கட்டையில் போனவள்

என்னைப் பாட்டுப் படிக்க அனுப்பியது பாட்டுக்காக இல்லை, உடம்பு தேறுவதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ சின்ன வயதிலேயே சங்கீத ஞானம் பொங்கி வழிந்தது, பெற்றவர்கள் கண்டுகொண்டு வளர்த்தார்கள் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மண்ணும் கிடையாது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அப்பாவின் நூல்கடை, பின்னால் வாடகைக்கு விட்டிருந்த விசைத்தறிக் கூடம், நடுவில் நாங்கள். பொழுது விடிந்ததிலிருந்து தறி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினால் ஒருத்தருக்கும் கேட்காது. குரலை இறக்கி அதற்கு அடியில் பேசினால்தான் கேட்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் அடியில்தான் கிடந்தது. ரேடியோ பாடும், நாங்கள் நூல் விற்போம். அதுதான் எங்களுக்கும் சங்கீதத்துக்கும் இருந்த ஒட்டும் உறவும்.

முந்தின வருசம் எனக்கு டைபாய்டு வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இது தேறாதுன்னுதான் எனக்குத் தோணுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சல் என் கண்ணை மூடியிருந்ததே தவிர காதை மூடவில்லை. பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆள் இனிமேல் எப்போது வருவார் என்பதுதான். வந்தால் அவர் முன்னால் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

அம்மா மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் மொட்டை போடுவதாக நேர்வார்கள், தீச்சட்டி எடுப்பதாக நேர்வார்கள். எங்கம்மா ஒரு வார்த்தையை விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டாள். 'கட்டையில போக' என்பது அந்த வார்த்தை. சுடுகாட்டில் அடுக்குகிற விறகுக் கட்டையில் போய்ப் படு என்று அர்த்தம். அர்த்தம்தான் அப்படி. அம்மா வாயில் அது மூச்சு விடுகிற மாதிரி வரும். கரண்டு நின்றால் கட்டையில போற கரண்டு, பொங்கி வழிந்தால் கட்டையில போற பாலு, நேரத்துக்குச் சாப்பிட வராவிட்டால் அப்பாவுக்கும் அதே பட்டம்தான். நான் பிழைத்த நாளோடு அது நின்றது. நாக்கு நுனிவரை வந்துவிடும். "கட்..." என்று ஆரம்பித்து, எச்சிலோடு விழுங்கி, "கத்தரிக்கா!" என்று முடிப்பாள். கத்தரிக்கா கரண்டு, கத்தரிக்கா பாலு. அப்பாவும் கத்தரிக்காய் ஆனார். எல்லோரும் சிரிப்போம். எனக்கு மட்டும் சிரிப்போடு சேர்ந்து கொஞ்சம் கர்வமும் இருந்தது. எனக்காக ஒரு வார்த்தை வீட்டை விட்டே வெளியேறியிருக்கிறதே!

இப்படி நான் எலும்பும் தோலுமாக நடமாடிக்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருச்சுழிக்குப் பக்கம் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. மனுசர் சும்மா இருக்கமாட்டார். ஒரு வருசம் முயல் வளர்த்தார், ஒரு வருசம் காளான் போட்டார். முயல் ஓடிப்போனது, காளான் கருகிப்போனது. அந்த வருசம் அவருக்குச் சங்கீதம் பிடித்திருந்தது. மதுரையிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தால் 'பாடத் தெரியுமா' என்று கேட்பார்களாம். மகளுக்கு அப்போது வயது பதின்மூன்று. முன்னேற்பாடு என்றால் மாமாதான்.

"தறிச் சத்தத்துல எங்க பாட்டு வரும்? இயற்கையில உக்காந்து படிக்கணும்க்கா. லீவு பூராவும் டீச்சர் தோட்டத்துலயே தங்கப்போறாக. ஒம்மகளையும் அனுப்பு, காத்தாட இருந்தா உடம்பும் தேறும்" என்றார்.

அம்மாவுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

இயற்கை என்று மாமா சொன்னது ஒரு கிணறு, பம்புசெட்டு ரூம், நாலைந்து வேப்பமரம், ஒரு புளி. அதைத் தாண்டினால் உழுது போட்ட கரிசல், கரிசலைத் தாண்டினால் சீமைக்கருவேலம், அதையும் தாண்டினால் வானம்தான். வாசலில் 'இசைச் சோலை' என்று தகரத்தில் எழுதி ஆணியடித்திருந்தார். கத்திரி வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட்டால் கை வெந்துபோகும். மதுரைக்காரர்களுக்குக் குயில் பாடுமாம். எங்களுக்கு வாய்த்தது மயில். நாங்கள் வாயைத் திறந்தால் போதும், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து தொண்டை கிழிந்த மாதிரி அதுவும் ஆரம்பித்துவிடும். மாமா மகள், சொந்தத்தில் இன்னும் சில பெண்பிள்ளைகள், நான், மயில். இதுதான் எங்கள் வகுப்பு.

டீச்சருக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மதுரையில் சங்கீதம் படித்து முடித்துவிட்டு நேரே எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர். ஓணானைக் கண்டால் பயம், தேளைச் சொன்னாலே பயம். பாட ஆரம்பித்தால் மட்டும் எதற்கும் பயப்படமாட்டார். முதுகு நிமிர்ந்துவிடும். அந்த வெயிலிலும் வெந்நீர்தான் குடிப்பார். பாடும்போது கழுத்தில் இரண்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். பாட்டென்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் கழுத்தைப் புடைத்துக்கொண்டு பாடுவோம்.

மாமா ஒரு பழைய ஆர்மோனியம் வாங்கி வைத்திருந்தார். டீச்சர் அதில் ஒரு இடத்தை அமுக்கி, மேலே எழாதபடி தீக்குச்சியைச் செருகிவிடுவார். ஒருத்தி துருத்தியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே சத்தம் 'ம்ம்ம்' என்று வந்துகொண்டிருக்கும். "அதோட போய்ச் சேருங்க" என்பார். அதுதான் சுருதி. எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். நான் எக்கி எக்கிப் பார்த்தேன். குரல் அந்த உயரத்துக்குப் போனால் கீச்சென்று உடையும், இல்லாவிட்டால் பாதி வழியில் இறங்கி வந்து அதுபாட்டுக்கு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் என் மோவாயைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்வார், நாக்கை இறக்கச் சொல்வார், தொண்டையில் விரல் வைத்துப் பார்ப்பார். காய்ச்சலில் டாக்டர் செய்ததெல்லாம் அப்படியே. எனக்கு அது ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் பாட்டு பிடித்துப்போயிருந்தது. அதுதான் வினை. உடம்பு தேற வந்தவள், வேப்பமரத்தடியில் ஸரிகமபதநி என்று அத்தனை பேர் குரலோடும் என் குரலும் கலந்து போகும்போது உடம்பையே மறந்துபோனேன். லீவு முடிகிற சமயத்தில் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு மாமா ஒரு விழா வைக்கப்போகிறார் என்றதும், அம்மா முன்னால் நான் பாடுகிற மாதிரி தினமும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போனேன். பம்புசெட்டு ரூமுக்கு அந்தப் பக்கம் மாமாவும் டீச்சரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அக்கா மக எப்பிடி டீச்சர்? அக்கா வந்தா மொதல்ல அதத்தான் கேப்பா."

"அது தேறாதுங்க" என்றார் டீச்சர். "மூணு கட்டையில போகுது."

"அடடா! இத அக்காட்ட எப்பிடிச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். விழா நல்லபடியா முடியட்டும். அன்னைக்கு அவ சும்மா வாயை மட்டும் அசைக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

"பாவம், பாத்தாத் தெம்பாத்தான் இருக்கு."

"தெம்பு இருந்து என்னங்க செய்யிறது" என்று டீச்சர் பெருமூச்சு விட்டார்.

தேறாது என்ற வார்த்தையை அதே தொனியில் ஏற்கெனவே கேட்டவள் நான். அதோடு கட்டையும் சேர்ந்து வந்திருக்கிறது. அம்மா சாமிக்குக் கொடுத்துவிட்ட வார்த்தை, திருச்சுழித் தோட்டத்துக்கு என்னைத் தேடி வந்துவிட்டது. அம்மா சொன்னவரைக்கும் அது வெறும் வாய்ப்பேச்சு. அசலூர்க்காரி, அதுவும் தினமும் தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கிறவள் சொன்னால்? அதிலும் மூணு கட்டையாம். கணக்கே போட்டுவிட்டார்கள்! சுடுகாட்டுக்கு வண்டி நிறைய விறகு போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் மூணு. என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். இந்த உடம்புக்கு மூணு கட்டை போதும்தான் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த அழுகையை வெளியே விடவில்லை. ஒருதரம் தேறாது என்றார்கள், தேறிக் காட்டவில்லையா? இவர்களுக்கும் காட்டுகிறேன் என்று தண்ணீரை மூஞ்சியில் அடித்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயந்தரம் மாமா வீட்டு அத்தை கம்பங்களி கிண்டினாள். நான் ஒரு உருண்டைக்கு மேல் தொடாதவள். அன்றைக்கு "இன்னும் வைங்கத்தே, இன்னும் வைங்க" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். டீச்சர் பார்க்கும்படியாகக் கிணற்றைச் சுற்றி ஓடினேன். அவர் பாவமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் காலையில் வகுப்பு ஆரம்பித்ததும் டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ இன்னையிலருந்து வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வேண்டாம், என்ன?" என்றார். தலையைத் தடவிக் கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போகப் போகிற பிள்ளையைத் தடவுகிற தடவல் அது. பாயிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"நான் எதுக்குப் போறேன் கட்டையில? நீங்க போங்க!"

துருத்தி நின்றது. மாமா மகள் வாயில் கையை வைத்தாள். டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு மட்டும் அந்தத் திட்டு தெரியாதா என்ன? மதுரைக்காரர்தானே. ஆனால் சங்கீதக் கட்டையும் சுடுகாட்டுக் கட்டையும் அவர் காதில் வேறு வேறு தெருவில் குடியிருந்தன. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. அன்பாகச் சொல்லப்போன தன்னைப் பார்த்து ஒரு பொடிச்சி செத்துப்போகச் சொல்கிறாள் என்று மட்டும்தான் அவருக்கு விளங்கியது.

"இந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டாத்தான் கிளாஸு. இல்லாட்டி நான் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

மாமா வெலவெலத்துப்போனார். பந்தல்குடி வரைக்கும் போய் ஆள் ஆளாய் விழாவுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "ஏத்தா, மன்னிச்சுருங்கன்னு ஒரு வார்த்தை. சொன்னா வாயா வெந்துபோகும்?" என்று கெஞ்சினார்.

"மாட்டேன்."

"ஏன், சொல்லேன்?"

அதைத்தான் சொல்ல முடியாது. தேறாது, கட்டையில போகுது என்பதை என் வாயால் என்னைப் பற்றியே எப்படிச் சொல்வது? அம்மா கஷ்டப்பட்டு விழுங்கின வார்த்தை. மாமாவுக்கும் உடந்தை உண்டு, அவரிடம் என்ன பேச்சு? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கடைசியில் அவர் பஸ்ஸில் ஆள் விட்டு அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா வருகிறவரை நான் வகுப்பில் உட்காரக்கூடாது என்று தீர்ப்பு.

வகுப்பில்தானே உட்காரக்கூடாது? தொட்டிச் சுவரில் உட்காரலாம் அல்லவா? ஏறி உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, எனக்கு வசதியான இடத்தில் குரலை வைத்து சரளி வரிசையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். தறிக்கு அடியில் பேசிப் பழகின குரல், கரிசல் காட்டில் தடுக்க ஒன்றுமில்லாமல் கிணறு தாண்டிப் போனது. மரத்தடியில் இருந்தவர்கள் பாவம், ஆர்மோனியத்தோடு சேர்வதா என்னோடு சேர்வதா என்று தெரியாமல் தத்தளித்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சறுக்கி என் பக்கம் விழுந்தாள். மாமா மகள் எழுந்து வந்து, "ஏய், வாயை மூடுடி! ஒன்னால எனக்கும் சுருதி போயிருச்சு" என்று பல்லைக் கடித்தாள். உயிரோடிருக்கிற ஆள் பாடத்தான் செய்யும் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலிருந்து நடந்து வந்தாள். நான் உழவுகாட்டுக்குக் குறுக்கே ஓடிப்போய், அவள் சேலைக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு, கேட்டதை அப்படியே சொன்னேன். அம்மா மூச்சுவிடாமல் கேட்டாள். குடையை மடக்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள். தம்பி நீட்டிய மோரை வாங்கக்கூட இல்லை.

"யாரும்மா எம்மகளத் தேறாதுன்னு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்று டீச்சர் எழுந்து நின்றார். "உங்க மக என்னை என்ன சொன்னா, அதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நீங்க சொன்னதத்தான் திருப்பிச் சொல்லியிருக்கா. மொதல்ல சொன்னது யாரு?"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்!"

"மூணு கட்டையில போகுதுன்னு சொல்லல? சாவக் கெடந்து பொழச்ச பிள்ளைங்க இது. இவளுக்காக நான் அந்த வார்த்தையவே விட்டுட்டு ஒரு வருசமா கத்தரிக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நீங்க யாரு, எம்பிள்ளைக்குக் கட்டை எண்ணுறதுக்கு?"

சொல்லும்போதே அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. டீச்சர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்மோனியத்தைப் பார்த்தார். "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா காலடியில் வைத்து, "அக்கா, அக்கா, இந்தா பாரு. இந்த வெள்ளை வெள்ளையா இருக்குல்ல, இதுக்குப் பேருதான் கட்டை. இது ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு. ஒம்மக கொரலு இந்த மூணுல நிக்குது. மத்த பிள்ளைக அஞ்சுல பாடுறாளுக. அம்புட்டுத்தான்க்கா" என்றார்.

அம்மா குனிந்து அந்த மூன்றாவது கட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன், இதுக்கு வேற பேரே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

அங்கே கிளம்பிய சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள், அத்தை அடுப்படியிலிருந்து வந்து சிரித்தாள், டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவும் நானும் மட்டும் சிரிக்கவில்லை. சாகமாட்டோம் என்று தெரிந்தது நிம்மதிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மூச்சு தடையில்லாமல் உள்ளே போனது. ஆனால் நிம்மதி வந்த கையோடு, இன்னொரு கோபம் பின்னாலேயே வந்து நின்றது.

"சரித்தா, வெவரம் தெரியாமச் சொல்லிட்ட. இப்ப டீச்சருட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போய் உக்காரு" என்றார் மாமா, விவகாரம் தீர்ந்த சந்தோசத்தில்.

"மாட்டேன்."

"இன்னும் என்னடி?"

"வாயை மட்டும் அசைக்கச் சொன்னாகள்ல? அதுக்குப் பாட்டுல வேற என்ன அர்த்தம்? அதையும் சொல்லச் சொல்லுங்க."

சிரிப்பெல்லாம் சட்டென்று நின்றது. டீச்சர் தரையைப் பார்த்தார். அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"பிள்ள கேக்குறதுல என்ன தப்பு? பாடுறதுக்குத்தான வந்திருக்கா? ஏம்மா, அந்த அஞ்ச மூணுக்கு எறக்கக்கூடாதா?"

"அது... பொம்பளைப் பிள்ளைங்க அஞ்சு கட்டையிலதான் பாடணுங்க. மூணுல பாடினா ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கும், சபையில நிக்காது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க அப்படித்தான் என்னைப் பாட வச்சாங்க. அஞ்சுக்கு வரலேன்னா வெளிய போய் நில்லுன்னுவாங்க."

"நின்னீங்களா?"

"நின்னுருக்கேன்" என்றார் டீச்சர், மெதுவாக.

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா, வெளிய நிக்கிறது எப்பிடி இருக்கும்னு?"

அம்மா இதைச் சண்டையாகக் கேட்கவில்லை. நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். டீச்சர் உட்கார்ந்து, ஐந்தாம் கட்டையில் செருகியிருந்த தீக்குச்சியை உருவி, மூன்றாம் கட்டையில் செருகினார்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. "ஒரு தீக்குச்சிய மாத்திக் குத்துறதுக்கா இந்த வெயில்ல என்னயப் பஸ்ஸேத்துனீங்க?"

துருத்தி போட்டார்கள். 'ம்ம்ம்' என்று அந்தச் சத்தம் கீழே, நான் இருக்கிற இடத்திலேயே வந்து படுத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், வாயைத் திறந்தால் அங்கேதான் இருந்தேன். மற்றவர்களுக்குத்தான் கீழே இறங்க இறங்கக் குரல் காற்றாகிப்போனது. மாமா மகள் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். இத்தனை நாளும் நான் எட்டிப் பிடித்தேனே, ஒருநாள் அவள் குனிந்து எடுக்கட்டும்.

"நான் ஒருதரம் பாடிக் காட்டறேன், அப்புறம் நீங்க" என்றார் டீச்சர்.

பாடினார். எங்கள் வீட்டுத் தறியில் இழை இறுகிப் போனால் படக்கென்று அறுந்துவிடும், அந்தப் பயத்தோடேயே நெய்வார்கள். அவர் குரல் அதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறது. இது வேறு குரல். தடித்து, அகலமாகி, ஈரமாக வந்தது. கழுத்தில் நரம்பைக் காணோம். பாதி வரியில் நிறுத்திவிட்டார். ஏதோ சாமானைத் தவறவிட்டவர் மாதிரி இங்கும் அங்கும் பார்த்தார். துருத்தி போட்ட பெண்ணிடம், "நிறுத்தாத, போடு, போடு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே வரியைப் பாடினார். மறுபடியும். பாடிக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கருவேலங்காட்டு மயில்கூட வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியாக்கா, அழ வச்சுட்ட" என்று மாமா முணுமுணுத்தார்.

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் ஒண்ணும் வையலையே... கேட்டேன், அம்புட்டுத்தான" என்று கையைப் பிசைந்தாள். சாயந்தரப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டீச்சரின் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்கிறாதீங்கம்மா, பெத்தவ வாயி" என்று சொன்னாள். டீச்சர் அம்மாவின் கையை விடவே இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு அம்மா சொன்னது வேறு. "பாடு. அம்புட்டுப் பேருக்கும் கேக்கணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன்! மன்னிப்புக் கேட்கவில்லை, கட்டை இறங்கியது, எதிராளி அழுதாகிவிட்டது. அந்த வயதில் ஜெயிப்பது என்றால் அதுதானே. அந்த மன்னிப்பை இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் விடிகாலையில் பாயில் போய் உட்கார்ந்தேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால் டீச்சரைக் காணோம். துருத்தியை மாமா மகளிடம் கொடுத்துவிட்டு, எங்களோடு பாயில், என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "முதல் சரளி வரிசையிலிருந்து. நீ ஆரம்பி" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதுதான் வழக்கம். வகுப்பிலேயே அடங்காத பிள்ளை எதுவோ, அதன் பக்கத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்துகொள்வார். வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும். ஓகோ, நேற்று அழுததற்கு இன்றைக்குக் காவல் போடுகிறீர்களா, போடுங்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவரும் ஒரு சாண் நகர்ந்து வந்தார். கிள்ளவில்லை. கண்ணை மூடி, காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, நான் ஸ என்றால் ஸ என்றார், ரி என்றால் ரி என்றார். அவர் குரல் என் குரலைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சம் பின்னாலேயே வந்தது. வருசக்கணக்காய்ப் படித்து முடித்த ஒருத்தி, முதல் நாள் பிள்ளையாய் அடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறாள், வழி காட்ட என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் பதினொரு வயதுக்காரிக்கு எப்படித் தெரியும்? நான் தள்ளித் தள்ளிப் பாயின் ஓரத்துக்கே போய்விட்டேன். அவர் விடாமல் நெருங்கி வந்துகொண்டே இருந்தார். நான் மட்டும் விடுவேனா? அடிவயிற்றிலிருந்து எடுத்து, இன்னும் சத்தமாகப் பாடினேன்.